பிஷப்பின் மனைவிக்குத் தெரியாதது

மார்வா ஆல்ரெட்டுக்குத் தெரியாமல் எங்கள் ஊரில் ஒரு குழந்தை உருவாக முடியாது என்பார்கள். பெறப்போகிறவளுக்கே சந்தேகமாக இருக்கும்போது மார்வா கம்பளி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்திருப்பாள். யார் வீட்டில் புருஷன் சோபாவில் படுக்கிறான், யார் மகள் எந்தப் பையனோடு பக்கத்து ஊரான மான்டையின் ஆலயத்துப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தாள், பிஷப்பைப் பார்த்துவிட்டு யார் மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே வந்தாள் எல்லாம் அவள் சமையலறைக்கு வந்து சேர்ந்துவிடும். இதற்காக அவள் எங்கும் அலைவதில்லை. மாவு பிசைந்துகொண்டே தலையைத் தூக்காமல் "அப்புறம்?" என்று ஒரு வார்த்தை சொல்வாள். எதிரில் உட்கார்ந்திருப்பவள் மாமியார் கதையிலிருந்து தொடங்கி மளமளவென்று கொட்டிவிடுவாள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. யாருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால்தானே யார் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என்று தெரியும், இது மார்வாவின் நியாயம். சாப்பாட்டையும் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள் என்பதால் ஊரும் அந்த நியாயத்தை ஒத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவளின் புருஷனைப் பிஷப் ஆக்கினார்கள்.

எங்கள் சபையில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊழியம் செய்பவர் கிடையாது. இன்றைக்கு வான்கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு, நாளை முதல் நீங்கள்தான் பிஷப் என்று சொல்லிவிடுவார்கள். டெல்மர் ஆல்ரெட்டுக்கு அப்படித்தான் வந்தது. சபையில் அவர் பெயரைச் சொல்லி, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது எல்லாக் கையும் மேலே போனது. மார்வா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்த்தவர்கள் பக்தியில் உருகுகிறாள் என்று நினைத்தார்கள். பாதி பக்திதான். மீதிப் பாதி, ஊரிலுள்ள அத்தனை கதையும் இனிமேல் தன் சாப்பாட்டு மேஜைக்கே நடந்து வரப்போகிறது என்ற பூரிப்பு.

வந்ததென்னவோ டெல்மர் மட்டும்தான். சபை அலுவலகத்தில் யார் யாருடைய கண்ணீரையோ கேட்டுவிட்டு வருவார், கையைக் கழுவுவார், தட்டின் முன்னால் உட்காருவார்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்பாள் மார்வா.

"வேலை இருந்துச்சு."

"யாரு வந்திருந்தாங்க?"

"ஜனங்க."

"அப்புறம்?"

"அந்த வெண்ணெயை இப்படித் தள்ளு."

பதினெட்டு வருஷம் ரகசியத்தைக் காத்தவர்களே அந்த "அப்புறம்?" முன்னால் உடைந்து போயிருக்கிறார்கள். டெல்மர் அசையவில்லை. இது போதாதென்று இன்னொரு அநியாயமும் நடந்தது. ஊர்ப் பெண்கள் மார்வாவிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "உனக்குத் தெரியாததா, மார்வா" என்று சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு விலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? மானம் போய்விடாதா? அதனால் அவள் ஒரு தலையசைப்பைக் கற்றுக்கொண்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, உதட்டை மடித்து, கண்ணில் கொஞ்சம் துக்கத்தை வைத்துக்கொண்டு மெதுவாக ஆட்டுவாள். எல்லாம் தெரியும், சொல்லத்தான் முடியாது என்று அதற்கு அர்த்தம். அது எதற்கும் பொருந்தியது. ஒருமுறை, கோயிலில் எப்போதும் இவள் பின் பெஞ்சில் உட்காருகிற வாலீன் லண்ட் தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்ததைச் சொல்ல வந்தபோதும் மார்வா அதே தலையசைப்பைக் காட்டிவிட்டாள். தன் வீட்டுக் குழாய் உடைந்ததுகூடப் பிஷப் வரைக்கும் போயிருக்கிறதே என்று வாலீன் ஆடிப்போய்விட்டாள்.

மற்றபடி ஆல்ரெட் குடும்பம் எங்கள் ஊரில் உள்ள எல்லாக் குடும்பத்தையும் போலத்தான். மூத்த பெண்கள் இருவரும் கல்யாணமாகி வடக்கே போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது கிம்பல், பள்ளி முடித்தவன். ஆஃப்டன், பதினோரு வயது, வாய் ஓயாதவள். நிலவறையில் வாளி வாளியாகக் கோதுமை இருக்கிறது. பஞ்சம் வந்தால் ஒரு வருஷம் தாங்கும். அதை அரைக்கிற இயந்திரம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. சபை விலக்கிய காப்பியை வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் மார்வா காரில் ஏறினால் தேங்காய்ப் பாகும் பாலாடையும் ஊற்றிய சோடா ஒன்று, பூவாளி அளவு கோப்பையில், மடியில் இருந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போவதில்லை, ஏரியில் இறங்குவதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு பாடம், ஒரு சண்டை, கடைசியில் ஏதாவது தின்பண்டம்.

கிம்பலுக்கு வசந்த காலத்தில் சபையிலிருந்து ஊழிய அழைப்பு வந்திருந்தது. பெரு நாட்டுக்கு, இரண்டு வருஷம். செப்டம்பரில் கிளம்ப வேண்டும். மார்வா இரண்டு சூட்டும் வெள்ளைச் சட்டைகளும் வாங்கி, விருந்தாளி அறைக் கதவில் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சட்டைத் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுப் போவாள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெல்மர் மேடையில் உட்கார்ந்திருந்தார். மார்வா வழக்கமான பெஞ்சில், ஒரு பக்கம் ஆஃப்டன், ஒரு பக்கம் கிம்பல். திருவிருந்து நேரம். பன்னிரண்டு வயதுப் பையன்கள் வெள்ளைச் சட்டையும் சாய்ந்த டையுமாக அப்பத் தட்டோடு வந்தார்கள். தட்டு பெஞ்சு ஓரத்திலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. ஆஃப்டன் எடுத்தாள். மார்வா எடுத்தாள். தட்டைக் கிம்பல் கையில் கொடுத்தாள்.

கிம்பல் தட்டை வாங்கி, எதையும் எடுக்காமல், அடுத்தவரிடம் கொடுத்தான்.

அந்தச் சின்ன ரொட்டித் துண்டு கடையில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்ததுதான். ஆனால் தன்மேல் கனமாக ஏதோ ஒரு தப்பு இருப்பவன்தான் அதை எடுக்காமல் விடுவான். அதைப் பிஷப்பிடம் சொல்லிச் சரிசெய்கிற வரைக்கும் விடுவான். அதுவரை அவனை ஊழியத்துக்கும் அனுப்பமாட்டார்கள். திருவிருந்து நேரத்தில் யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. எல்லாரும் தலையைக் குனிந்துதான் இருப்பார்கள். குனிந்த தலையோடு எப்படிப் பார்ப்பது என்பதை எங்கள் ஊரில் தொட்டிலிலேயே படித்துவிடுகிறோம். பின் பெஞ்சில் வாலீனின் பாட்டுப் புத்தகம் படக்கென்று மூடியது.

அன்று மத்தியானம் மாட்டிறைச்சி வறுவலை வெட்டிக்கொண்டே மார்வா புருஷன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததே அவளுக்குப் பெரிய சாட்சியாக இருந்தது. மேடையிலிருந்து இவர் பார்த்திருக்கிறார். இவர்தான் பிஷப். பையன் இவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆக, இவருக்குத் தெரியும்.

பிள்ளைகள் எழுந்து போகும்வரை பொறுத்திருந்தாள்.

"கிம்பலுக்கு என்ன?"

டெல்மர் ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார். அதை மறுபடி இரண்டாக வெட்டினார்.

"அவன்கிட்ட கேக்காதே மார்வா."

"நான் உன்கிட்ட கேக்கறேன்."

"என்கிட்டயும் கேக்காதே."

அத்தோடு மார்வா மரியாதை கொடுக்க ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீ' 'டெல்மர்' என்று கூப்பிட்டுவந்தவரை 'பிஷப்' 'நீங்கள்' என்று கூப்பிட்டாள். "பிஷப், சோளம் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க." "பிஷப், உங்க சாக்ஸ் சோபாவுக்கு அடியில இருக்கு, தயவு பண்ணி எடுத்துக்கறீங்களா?" இதைவிடப் பெரிய வசவு அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. டெல்மர் எல்லா மரியாதையையும் வாங்கி வைத்துக்கொண்டு, சாக்ஸைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

பையனிடம் நேராகக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சுற்றிவளைத்துக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. மார்வா இலவங்கப்பட்டை தூவிய சுருள் ரொட்டி சுட்டாள். சூடாக ஒன்றைக் கிம்பல் முன்னால் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கட்டா?"

பெற்ற பிள்ளை, அப்பனைப் போலவே வாய்.

திங்கட்கிழமை குடும்ப மாலைக்கு அந்த வாரம் பாடம் நடத்தவேண்டியது ஆஃப்டன். மார்வா அதைப் பிடுங்கித் தானே நடத்தினாள். தலைப்பு, உண்மை பேசுதல். மனசில் இருப்பதைப் பெற்றவர்களிடம் சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும் என்று, முயல் படமெல்லாம் வெட்டி அட்டையில் ஒட்டி, அரைமணி நேரம் பேசினாள். பேசி முடித்து, கிம்பலைப் பார்த்து, "யாருக்காவது ஏதாவது சொல்லணும்னு இருக்கா?" என்றாள்.

"எனக்கு இருக்கு" என்று ஆஃப்டன் எழுந்து நின்றாள். "ஃபிரீசர்ல இருந்த சாக்லேட் எல்லாம் நான்தான் தின்னேன். பல் தேய்ச்சேன்னு சொன்னது பாதி நாள் பொய், பிரஷ்ஷை மட்டும் நனைச்சு வெப்பேன். சிஸ்டர் லண்ட் குடுத்த சுக்கினிக்காய் கேக்கை வான்கோழிக்குப் போட்டேன். அதுங்களும் திங்கலை."

டெல்மருக்குப் புரை ஏறியது. கிம்பல் முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறி, "வயலுக்குத் தண்ணி திருப்பற முறை நம்முது, போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டான். தண்ணீர் முறை புதன்கிழமைதான் என்பது மார்வாவுக்குத் தெரியும்.

"நல்ல பாடம்" என்றார் டெல்மர்.

"நன்றி, பிஷப்."

அடுத்த ஞாயிறும் கிம்பல் அப்பத்தை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது வாரம் வாலீன் லண்ட் ஒரு புதுச் சுக்கினி கேக்கோடு வந்து நின்றாள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் காரைப் பூட்டாமல் விடமுடியாது. திரும்பி வந்து பார்த்தால் பின்சீட்டில் யாராவது தங்கள் தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய சுக்கினிக்காயை ஒரு மூட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனாலும் வாலீன் கையோடு கொண்டுவந்து கொடுத்தாள் என்றால் கேக்குக்காக வரவில்லை.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் மார்வா. உனக்குத் தெரியும், பிஷப்புக்குத் தெரியும், அது போதும். பெருவுக்குத் தேதி மட்டும் அப்படியேதானே இருக்கு? மாதர் சங்கத்துல வழியனுப்பு விருந்துக்கு யாரு என்ன கொண்டுவர்றதுன்னு பேசிட்டு இருக்கோம், அதுக்காகத்தான்."

மார்வா தலையைச் சாய்த்து, உதட்டை மடித்து, அந்தத் தலையசைப்பைக் காட்டினாள். வாலீன் பதிலுக்குத் தானும் துக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கதவைச் சாத்தியதும் மார்வா அங்கேயே, கையில் கேக்கோடு, நின்று அழுதாள். ஊரில் எந்தப் பிள்ளைக்கு என்ன வந்தாலும் முதலில் தெரிந்துகொண்டவள். தன் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறான் என்று தெரியவில்லை. அவன் ஊழியத்துக்குப் போவானா என்பதுகூட அப்போது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவன் நன்றாக இருக்கிறானா என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வருஷா வருஷம் போகிற மாதிரி மலைமேல் ஏரிக்குப் போனார்கள். போக வேண்டுமா என்று மார்வாவுக்கு இருந்தது, ஆஃப்டன் விடவில்லை. பிக்கப்பில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்து, வளைந்து வளைந்து மேலே ஏறினார்கள். மார்வா மடியில் சோடா. வழியெல்லாம் பேசியது ஆஃப்டனும் ரேடியோவும்தான்.

மேலே போனதும் டெல்மர் தீ மூட்டினார். மாட்டுக் கொத்துக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாம் வெள்ளித்தாளில் பொட்டலமாகக் கட்டித் தணலில் புதைத்தார்கள். எங்கள் ஜனங்களுக்குப் பரலோகத்திலும் இதைத்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். வெளியே கருகி, உள்ளே கேரட் மட்டும் வேகாமல், அத்தனை பேரும் ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். கிம்பல் தங்கையைக் கூட்டிக்கொண்டு தூண்டிலோடு எதிர்க்கரைக்குப் போனான். தீப்பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்.

"பிஷப், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் மார்வா. "விவரம் வேண்டாம். அந்த ரெண்டு சூட்டையும் கதவுலயே தொங்க விடவா, கடையில திருப்பிக் குடுத்துடவா? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியலை."

"தெரியலைன்னா? சொல்ல மாட்டேங்கறீங்களா?"

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் அர்த்தம் மார்வா." டெல்மர் ஒரு குச்சியால், திருப்ப வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பொட்டலத்தைத் திருப்பினார். "அவன் என்கிட்ட வரலை."

மார்வாவுக்கு முதலில் புரியவில்லை.

"ஹோல்கர்கிட்ட போயிருக்கான்." ஹோல்கர் என்பவர் எங்கள் வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் தலைவர், பக்கத்து ஊரில் பல் வைத்தியம் பார்ப்பவர். "மொத ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே போயிருக்கான். அவன் போன அன்னைக்கு ராத்திரியே ஹோல்கர் போன் பண்ணார். 'உன் பையன் எங்கிட்ட பேசிட்டு இருக்கான், நான் பாத்துக்கறேன், நீ எதுவும் கேட்டு வெக்காதே'ன்னார். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"அப்ப இத்தனை நாளா..."

"எனக்குத் தெரியும்னு நீ நெனச்சே. நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." அவர் தீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரிஞ்சும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான்னு நீ திட்டினே பாரு, அது பரவாயில்லைன்னு இருந்துச்சு. ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் முன்னாடி வந்து உக்காந்து அழறான் மார்வா. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியாது, ஆனா வர்றாங்க. என் பையன் மட்டும் வண்டியை எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயி, ஒரு பல் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கான்."

அவர் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்வாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாக்ஸுக்கும் சோளத்துக்கும் அத்தனை மரியாதை கொடுத்து இந்த மனுஷனைக் குத்தியிருக்கிறாள். அவர் ஏற்கெனவே குத்துப்பட்டவராக உட்கார்ந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் நகர்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். கையெல்லாம் கரி.

"அப்பன்கிட்ட சொல்றது கஷ்டம் டெல்மர். பிஷப்கிட்ட சொல்லிடலாம். ரெண்டும் ஒரே ஆளா உக்காந்திருந்தா அவன் என்ன பண்ணுவான்?"

"அதைத்தான் ஹோல்கரும் சொன்னார்."

"ஆக, நம்ம ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணும் தெரியாது."

"வாலீன் என்னடான்னா நமக்கு எல்லாம் தெரியும்னு கேக் குடுத்துட்டுப் போயிருக்கா."

டெல்மர் சிரித்தார். கண்ணைத் துடைத்ததில் கரி கன்னமெல்லாம் பரவியது. "நீ பொட்டலத்தைப் பாரு, கருகுது" என்றாள் மார்வா. பல நாளைக்குப் பிறகு வந்த அந்த 'நீ'யைக் கேட்டு அவர் தலையை நிமிர்த்தினார்.

ஆனாலும் மார்வா மார்வாதானே. பொட்டலங்கள் வேகிற நேரத்தில் எழுந்து, கரையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். ஹோல்கர் டெல்மரைத்தான் கேட்காதே என்றார், தாயை ஒன்றும் சொல்லவில்லை என்று வழி நெடுகத் தனக்கே சொல்லிக்கொண்டு போனாள். ஆஃப்டன் தொலைவில் பாறைமேல் நின்று மீனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கிம்பல் தாயைப் பார்த்ததும் தூண்டிலைக் கீழே வைத்தான்.

"நீ கேக்க வந்திருக்கே" என்றான்.

"ஆமா."

"அம்மா, நான் யாரையும் கொன்னுடலை. ஹோல்கர்கிட்ட பேசிட்டு இருக்கேன். கொஞ்ச நாள் ஆகும். பெருவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் போவேனோ என்னவோ. அதெல்லாம் என்னால தாங்கிக்க முடியும். ஆனா தட்டு வர்றப்ப..." அவன் தண்ணீரைப் பார்த்தான். "தட்டு வர்றப்ப மொத்தக் கோயிலும் என் கையைப் பாக்குது. சிஸ்டர் லண்ட் பாக்கறது என் முதுகுல தெரியுது. நாளைக்கு நான் வரலைம்மா. சரியாகற வரைக்கும் வரலை."

கேள்வி மார்வாவின் நாக்கு நுனியில் நின்றது. இந்த நேரத்தில் ஒரே ஒரு "அப்புறம்?" போதும், பையன் உடைந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை முகங்களில் இதே தவிப்பைப் பார்த்திருக்கிறாள். எத்தனை பேர் கையை, தட்டு போகும்போது, குனிந்த தலையோடு தானே பார்த்திருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் முதுகில் தெரிந்திருக்கும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"கழுத்து பின்னாடி எப்படிச் செவந்திருக்கு பாரு" என்றாள். "திரும்பு."

பையில் இருந்த வெயில் களிம்பை எடுத்து அவன் கழுத்தில் தடவினாள். அவன் சின்னப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்து நின்றான்.

"நாளைக்கு வா" என்றாள். "என் பக்கத்துலயே உக்காரு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்பே?"

"வான்னா வா. பொட்டலம் ஆறிடும்."

மறுநாள் கிம்பல் வந்தான், முகம் கடுகடுவென்று. மார்வா நீலப் பூப்போட்ட உடையில், தலைமுடியைச் சுருட்டி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்திருந்தாள். பின் பெஞ்சில் வாலீன் தன் இடத்தைச் சற்றே நகர்த்திக்கொண்டாள். சென்ற வாரம் ஒரு தூண் போன்ற மனிதர் அவளுக்கு மறைத்துக்கொண்டிருந்தார். மேடையில் டெல்மர், கன்னத்துக் கரியெல்லாம் போய், பிஷப்பாக உட்கார்ந்திருந்தார்.

ஜெபம் முடிந்தது. தட்டு வந்தது. ஆஃப்டன் இருந்ததிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். மார்வா தட்டை வாங்கினாள். மடியில் ஒரு கணம் வைத்துக்கொண்டாள். பிறகு எதையும் எடுக்காமல் மகன் கையில் கொடுத்தாள்.

அவளுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஒரு நல்ல மனுஷனை மூன்று வாரம் மரியாதை கொடுத்தே கொன்றிருந்தாள். தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோலத் தலையாட்டி ஊரை ஏய்த்திருந்தாள். இதற்கெல்லாம் யாரும் அப்பத்தை விடுவதில்லை. விட ஆரம்பித்தால் எங்கள் சபையில் ரொட்டி கூடை கூடையாக மிஞ்சிவிடும். ஆனால் வெளியே யாருக்கு என்ன தெரியும்? பிஷப்பின் பெண்டாட்டி, மாதர் சங்கத்துத் தூண், மார்வா ஆல்ரெட், தட்டைத் தொட்டுவிட்டு எடுக்காமல் அனுப்புகிறாள். அவ்வளவுதான் தெரிந்தது.

குனிந்த தலையெல்லாம் திரும்பியது. பின்னால் வாலீனின் பாட்டுப் புத்தகம் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நாலு பெஞ்சு தள்ளி யாரோ பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்தார்கள். கிம்பல் தட்டை எடுக்காமல் அடுத்தவரிடம் கொடுத்தான். அதை அந்தக் கோயிலில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மார்வா மேல் இருந்தது. மேடையிலிருந்த டெல்மர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிம்பல் மெதுவாகத் தாயின் பக்கம் சாய்ந்தான்.

"அம்மா, நீ என்ன பண்ணே?"

மார்வா நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல் சொன்னாள்:

"அது எனக்கும் பிஷப்புக்கும் நடுவுல உள்ள விஷயம். நீ யாருடா கேக்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளைத் தொட்டுக்கொண்டிருந்த தோள் குலுங்கியது. அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று மார்வாவுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் திரும்பினால் தெரிந்திருக்கும். அவள் திரும்பவில்லை.